பிடுங்கவா, அடைக்கவா

பல்லெல்லாம் பார்த்துக்கொண்டு வா என்று
வின்னிபெக்கிலிருந்து குரல் அனுப்பியிருந்தாள் சத்தியகலா.
இங்கே ஒரு கடைவாய்ப்பல் ஒரு மாத வாடகைகா.
கம்பளிச்சட்டை அங்கே வாங்காதே,
இந்தக் குளிர் அதைப் பார்த்துச் சிரிக்கும்.
கண்ணாடி இரண்டு சோடி.
பெடியனின் ஊசி அட்டை.
பேர் எல்லாக் கடதாசியிலும் ஒன்றாய் இருக்கா, பார்.

இல்லை.
பிறப்புப் பதிவில் கிருபைராணி.
அடையாள அட்டையில் கிருபாராணி.
கலியாண எழுத்தில், யாரோ அவசரக்காரர்
ஒரு ரா-வை விழுத்திவிட, கிருபாணி.
மூன்று பேரும் நான்தான் என்று
சத்தியக் கடதாசி முடித்தேன்.
இரண்டாயிரம் ரூபாய். மூன்று பேருக்கும் சேர்த்து மலிவுதான்.

மறுகா பல்.

திருமலை வீதி, மருந்துக்கடைக்கு மேல்மாடி,
பதினேழாம் நம்பர்.
கதிரையில் இருந்து கடித உறையின் முதுகில் கணக்குப் பார்த்தேன்,
பிரதேச சபையில் பதினாறு வருசமாய் அதுதானே வேலை.
முகவருக்கு, டிக்கெட்டுக்கு,
வங்கியில் சும்மா கிடந்து காட்டவேண்டிய காசுக்கு.
எங்கே கூட்டினாலும் கடைசி வரியில்
வீடு வந்து நின்றது.

செட்டிபாளையத்து வீடு என் பேரில்.
அம்மா எழுதித் தந்த சீதனம்,
உறுதியில் இருப்பவள் கிருபாராணி, நல்லவேளை.
ஜெயகரன் வாழைச்சேனையிலிருந்து
ஒரு சூட்கேசும் வெல்டிங் கண்ணாடியுமாய் வந்து ஏறியவர்.
ஒரு வீட்டை விட்டு வருவது எப்படி என்று
அவருக்குத் தெரியும்.
என்னை யாரும் பழக்கவில்லை.

அவரோடு சண்டை வந்தால்
அவர்தான் மோட்டார்சைக்கிளை எடுப்பார்.
இரண்டு நாள் தாயிடம் நின்று
மூன்றாம் நாள் மீனோடு வருவார்.
அங்கே சண்டை வந்தால் யார் வெளியே போவது?
மைனஸ் முப்பதில்?
வாடகைச் சீட்டில் யார் பேர் முதலில்?
இதைக் கேட்டு ஒரு குரல் அனுப்பினேன்.
இரண்டு நீலக்கோடு விழுந்தது.
சத்தியகலா இன்னும் பதில் போடவில்லை.

டிலக்சன் கேட்டது ஒன்றே ஒன்று:
அங்க கடல் இருக்கா?
பெரிய ஏரி இருக்காம் மகன்.
ஆறு மாசம் அது கல்லாம்.
அப்ப அதில ஓடலாம், என்றான்,
அவ்வளவுதான், கொப்பியை மூடிவிட்டான்.
பிள்ளையை நினைத்து யோசி என்று எல்லாரும் சொல்கிறார்கள்.
பிள்ளை யோசித்து முடித்துவிட்டது.

சம்பளமில்லா லீவு ஐந்து வருசம் கேட்கலாம்.
கதிரை இருக்கும்.
திரும்பி வந்து கதிரையில் இருக்கலாம், படுக்க?
மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி மேகலா.
மதில் என்றது பேருக்கு, நடுவில் ஒரு ஆள் போகும் இடைவெளி,
நேற்று அதால்தான் வந்து கேட்டாள்:
வாங்குற ஆக்கள் இத அடைப்பாங்களா?

பதினேழு.

டொக்டர் றிஸ்மியா லைட்டை என் வாய்க்குள் திருப்பினார்.
வெளிநாடா? என்றார், ஆவென்று கிடந்தவளிடம்.
இந்த மாசம் நீங்க ஒன்பதாவது ஆள்.
ஊசியைப் போட்டுவிட்டுச் சொன்னார்:
ஓட்டை பெரிசு. பிடுங்கவா, அடைக்கவா?
அடைச்சா அஞ்சாறு வருசம் தாங்கும், உத்தரவாதம் இல்ல.
பிடுங்கினா இனித் தொல்லை இல்ல.
ஆனா பக்கத்துப் பல்
மெல்ல மெல்லச் சாயும்.

கையால் காட்டினேன்.
அடைத்தார்.

கல்முனை பஸ்ஸில் ஜன்னலோரம்.
கல்லடிப் பாலம் ஏறும்போது போன் அடித்தது,
புறோக்கர் பேரின்பம்.
ஆள் ரெடியக்கா. கட்டாரில இருந்து வந்து நிக்கார்.
முழுக்காசும் கையில.
வெள்ளிக்கிழமை போகப் போறார்.
என்ன முடிவு?

உதட்டில் பாதி என்னுடையதாய் இல்லை.
விக்கல்ல, என்றேன்.
என்னக்கா?
விக்கல்ல.
விக்கலா?
முதல்ல தண்ணியக் குடிங்க,
நிண்டோன எடுங்க, என்று வைத்துவிட்டார்.

போத்தலைத் திறந்து குடித்தேன்.
பாதி கழுத்தால் வழிந்தது.